பேசாத பிள்ளை: மனவடுவும் வகுப்பறையும்

சொலத்தூர்ண் மாநிலத்தில், ஒல்ரன் நகரை ஒட்டி, ஹவன்ஸ்ரைன் மலையடிவாரத்தில் அமைந்திருக்கும் திரிம்பாக், சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர்க்கு அறிமுகம் வேண்டாத ஊர். 2013 ஆம் ஆண்டு மனோன்மணி அம்பாள் ஆலயம் இங்கு எழுந்த பின்னர், பல மாநிலங்களிலிருந்தும் எமது குடும்பங்கள் வந்து கூடும் இடமாகவும் அது விளங்குகின்றது. திருவிழா நாட்களில் பட்டுடுத்தி, வரிசையில் நின்று, பெரியோர் சொற்கேட்டு நடக்கும் எமது பிள்ளைகளைக் காண்போர், இவர்களுக்கு என்ன குறை என்றே எண்ணுவர். ஆயின் திங்கட்கிழமை காலையில் இதே பிள்ளைகள் சுவிஸ் பாடசாலையின் வாங்குகளில் அமர்ந்திருக்கும் வேளையில், அவர்களுட் சிலரின் உள்ளத்தில் நிகழ்வது என்னவென்று ஆசிரியர் அறியார். பெற்றோரும் பல வேளைகளில் அறியார். அறிந்திருந்தாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

இங்கு நாம் பேச விழைவது அந்த மௌனத்தைப் பற்றியே. போரினாலும் இடப்பெயர்வினாலும் காயமுற்ற பிள்ளைக்கும், வீட்டிற் போதிய கவனிப்பைப் பெறாத பிள்ளைக்கும் வகுப்பறை பெருந்துணையாக அமைய முடியும். ஆனால் வீடு அறிந்ததைப் பாடசாலையும், பாடசாலை அறிந்ததை வீடும் அறிந்திருந்தாலன்றி அத்துணை பிள்ளையை வந்தடையாது.

இரு வகைக் காயங்கள்

பேராபத்தைக் கண்டோ அனுபவித்தோ உள்ளத்தில் ஆறாது தங்கிவிடும் காயத்தை ‘மனவடு’ என எமது உளமருத்துவர்கள் குறிப்பிடுவர். எறிகணை வீச்சு, நள்ளிரவுக் கைது, உறவினரின் மரணத்தைக் கண்முன்னே காணுதல், எல்லைகளைக் கடந்து வந்த பயணத்திற் பட்ட துன்பங்கள் ஆகியன இத்தகைய காயத்தை ஏற்படுத்த வல்லவை. மற்றையது பராமரிப்பின்மை. முன்னையது நிகழக்கூடாதது நிகழ்ந்ததால் வருவது; பின்னையது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமையால் வருவது.

பராமரிப்பின்மை என்றவுடன் கொடிய பெற்றோரையே நாம் நினைத்துக்கொள்கின்றோம். உண்மை அவ்வாறன்று. தந்தை உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நிற்கின்றார். தாய் விடியுமுன் துப்புரவுப் பணிக்குப் புறப்படுகின்றார். பிள்ளை திறப்பைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, ஆறிய சோற்றைத் தானே போட்டு உண்டு, தொலைபேசித் திரையின் முன் உறங்கிப் போகின்றது. இங்கு அன்புக்குக் குறைவில்லை. பிள்ளையோடு இருக்க ஆள் இல்லை. பெற்றோருள் ஒருவர் தாமே போரின் நினைவுகளில் அமிழ்ந்து, வீட்டிலிருந்தும் இல்லாதவர் போலாகிவிடுவதும் உண்டு. ஊரில் இருந்திருந்தால் அம்மம்மாவோ, சித்தியோ, அயல்வீட்டு மாமியோ இக்குறையை நிரப்பியிருப்பார்கள். இங்கே அடுக்குமாடியின் அடுத்த கதவுக்குப் பின்னால் யார் வாழ்கின்றார் என்பதையே நாம் அறியோம்.

இவ்விரு காயங்களும் வயதேற மறைந்துவிடும் என்பது எம்மிடையே நிலவும் நம்பிக்கை. ஆய்வுகள் அதற்கு மாறாகவே சொல்கின்றன. 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெலிற்றி, ஆண்டா என்னும் மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும் 9,508 வளர்ந்தோரிடம் நடத்திய ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் பெருகப் பெருகப் பிற்காலத்தில் மனச்சோர்வும், மதுப்பழக்கமும், இருதய நோய் போன்ற உடல் நோய்களுங்கூடப் பெருகுவதைக் காட்டியது. 2000 ஆம் ஆண்டில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ற்றில், அனாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கப்பட்ட ஆய்வோ நம்பிக்கை தருவது. வளர்ப்புக் குடும்பங்களின் அரவணைப்பைப் பெற்ற குழந்தைகள், இல்லங்களிலேயே விடப்பட்டவர்களைவிடப் பல வகையில் முன்னேறினார்கள். அரவணைப்பு எத்துணை முந்திக் கிடைத்ததோ அத்துணை நன்மை விளைந்தது.

வகுப்பறையில் அது எவ்வாறு தோன்றுகின்றது?

காயமுற்ற பிள்ளை, தான் காயமுற்றிருப்பதாகச் சொல்வதில்லை. அதன் மூளையில் அபாய மணி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. கதவு படாரெனச் சாத்தப்பட்டால் துள்ளி எழுகின்றது. தோளை யாரேனும் பின்னாலிருந்து தொட்டால் அடித்துவிடுகின்றது. அல்லது உறைந்து போய்ச் சாளரத்தை நோக்கியபடி இருக்கின்றது. எதிர்த்தல், ஓடுதல், உறைதல் என்னும் மூன்றும் ஆபத்து வேளையில் உயிரைக் காக்க உடல் எடுக்கும் வழிகளேயாம். ஆசிரியரின் கண்ணுக்கோ இவை முறையே முரட்டுத்தனம், ஒழுங்கீனம், சோம்பல் எனத் தோன்றுகின்றன.

சுவிஸ் மண்ணில் இயல்பெனக் கருதப்படும் சில, இத்தகைய பிள்ளைக்கு இயல்பானவை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தின் முதற் புதன்கிழமை பிற்பகல் 1.30 மணிக்கு நாடெங்கும் அபாயச் சங்குகள் பரிசோதனைக்காக ஊதப்படுகின்றன. ஆகஸ்ட் முதலாந் திகதி தேசிய நாளில் இரவெல்லாம் வெடிகள் முழங்குகின்றன. ஒல்ரன் புகையிரத நிலையத்தில், விடுப்பில் வீடு செல்லும் இளம் படையினர் துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டபடி மேடையில் நிற்பது யாரும் திரும்பிப் பாராத காட்சி. சீருடையையும் துப்பாக்கியையும் வேறு விதமாக அறிந்து வந்த பிள்ளைக்கு அக்காட்சி எதனை நினைவூட்டும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இவை முன்கூட்டியே சொல்லப்பட்டால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். சொல்லப்படாதபோது, அன்று முழுவதும் அது எதனையும் கற்பதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். குழப்படி செய்யும் பிள்ளையை ஆசிரியர் கவனிக்கத்தான் செய்வார். அமைதியான பிள்ளையே தவறவிடப்படுகின்றது. தமிழ்ப் பிள்ளைகள் அடக்கமானவர்கள், தொல்லை தராதவர்கள் என்னும் நற்பெயர் எமக்கு இந்நாட்டில் உண்டு. அந்நற்பெயருக்குப் பின்னால், கை உயர்த்தாத, கேள்வி கேளாத, இடைவேளையிற் சுவரோரம் நிற்கும் ஒரு பிள்ளை மறைந்துவிடக்கூடும்.

தாயகத்தில் கண்டறியப்பட்டவை

இவ்விடயத்தில் எமது சமூகத்துக்கு அனுபவம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து 1998 இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நிலத்தில், ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி அளிப்பதே பிள்ளைகளை அடையும் வழியென அங்கு பணியாற்றியோர் கண்டனர். பிள்ளையை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே அல்லவா!

சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜேர்மன் நகரான கொன்ஸ்ரான்ஸின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளூர் உளவளத்துணையாளரோடு இணைந்து, வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் போர்ச் சண்டை, குண்டுவீச்சு, அன்புக்குரியவரின் மரணம் போன்ற கொடிய நிகழ்வுகளுக்கு முகங்கொடுத்திருந்தனர். நூற்றுக்கு 25 பேரிடம் மனவடு நோயின் முழு அடையாளங்களும் காணப்பட்டன. துன்ப நிகழ்வுகளின் வகைகள் பெருகப் பெருக நோயும் பெருகியிருந்தது.

அதே ஆய்வாளர் குழுவைச் சேர்ந்தோர் 2008 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, எமக்கு இன்னும் கசப்பானது. ஆழிப்பேரலையின் பின்னர் வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் உரையாடியபோது, ஐந்தில் நான்கு பேருக்கு மேல் போர்த் துன்பத்தைச் சொன்னார்கள். வீட்டுக்குள் நிகழ்ந்த அடி, ஏச்சு முதலியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது சொன்னவர்களோ நூற்றுக்கு 95 பேருக்கும் அதிகம். தந்தையின் மதுப்பழக்கம் மிகுந்த வீடுகளிற் பிள்ளை படும் துன்பமும் மிகுந்திருந்தது. போர் வீதியில் நிகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. வீட்டுக்குள்ளும் புகுந்து பெற்றோரின் கைகளில் வந்து அமர்ந்துகொண்டது. அக்கைகளுட் சில இன்று ஐரோப்பாவிலும் இருக்கின்றன. இங்கு பிறந்து எறிகணையின் ஒலியையே கேட்டறியாத பிள்ளையும் போரின் காயத்தைச் சுமக்கக்கூடும் என்பதன் பொருள் இதுவே.

சுவிஸ் மண்ணின் பழைய பாடங்கள்

சுவிற்சர்லாந்தை அமைதியின் நாடாக மட்டுமே அறிந்த எமக்கு, போரில் அனாதையான பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்ற கேள்வி இம்மண்ணிலேயே எழுந்த ஒன்று என்பது வியப்பாக இருக்கலாம். எமது ஆசிரிய கலாசாலைகளில் கல்வித் தத்துவம் பயின்றோர் பெஸ்ரலோசியின் பெயரை அறிவர். 1798 செப்டம்பரில் பிரெஞ்சுப் படைகள் நிட்வால்டன் பகுதியைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. அங்கு எஞ்சிய அனாதைப் பிள்ளைகளுக்காக ஸ்ரான்ஸ் என்னும் ஊரில் இல்லமொன்றை நடத்தும் பொறுப்பு பெஸ்ரலோசியிடம் அளிக்கப்பட்டது. 1799 சனவரியில் தொடங்கிய அவ்வில்லத்தில் ஏறத்தாழ 80 பிள்ளைகள், சொறியோடும் பேனோடும் அச்சத்தோடும் வந்து சேர்ந்தனர். அவர் எழுத்தறிவித்தலிலிருந்து தொடங்கவில்லை. அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, இவர் எம்மை விட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கையை முதலில் உண்டாக்க முயன்றார். சூன் மாதத்திலேயே அக்கட்டடம் படையினரின் மருத்துவமனைக்காக எடுக்கப்பட்டு இல்லம் மூடப்பட்டது. எனினும் அச்சில மாதங்களைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கடிதம் இன்றும் கல்வியாளரால் கற்கப்படுகின்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946 இல், வால்ரர் ரொபேர்ட் கோர்ற்றி என்பாரின் முயற்சியால் அப்பென்சல் மலைப்பகுதியில் உள்ள ட்ரோகன் என்னும் ஊரில், ஐரோப்பியப் போர் அனாதைகளுக்காகப் பெஸ்ரலோசி சிறுவர் கிராமம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் தனி வீடு, வீட்டுப் பெற்றோர், தாய்மொழியிற் கல்வி என்பன அங்கு ஏற்பாடாகியிருந்தன. 1960 இல் திபெத்தியப் பிள்ளைகளும் அங்கு வந்து சேர்ந்தனர். தாய்மொழி காயமுற்ற பிள்ளைக்குப் பாரமன்று, ஒதுங்கி நிற்க ஒரு கூரை என்பதை அக்கிராமம் அன்றே உணர்ந்திருந்தது.

ஆயினும் இதே நாடு தன் ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையும் மறைக்கப்படவில்லை. வறியவர், மணமாகாத தாய்மார் ஆகியோரின் பிள்ளைகள் அதிகாரிகளாற் பிரிக்கப்பட்டுப் பண்ணைகளுக்கு வேலையாட்களாகக் கொடுக்கப்படும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டிலும் நீண்ட காலம் நிலவியது. 2013 ஏப்ரல் 11 ஆம் திகதி அமைச்சர் சிமொனெற்ரா சொமறுகா அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார். 2017 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 25,000 பிராங்க் வழங்க வகை செய்தது.

ஆசிரியர் செய்யக்கூடியவை

ஆசிரியர் மருத்துவர் அல்லர். அவர் மருத்துவராக வேண்டியதும் இல்லை. பிள்ளையின் கதையைத் தோண்டிக் கேட்பது அவரது பணியன்று. அவரிடம் வேறொரு மருந்து உண்டு. அது நாள்தோறும் மாறாத ஒழுங்கு.

காலையில் அன்றைய நிகழ்ச்சி நிரல் பலகையில் எழுதப்பட்டிருக்கட்டும். மாற்றம் ஏதுமிருப்பின் முதல் நாளே சொல்லப்படட்டும். கதவைக் காணக்கூடிய இடத்திற் பிள்ளை அமரட்டும். மனம் கலங்கும்போது, அனுமதி கேட்டுச் சற்று ஒதுங்கியிருக்க அமைதியான மூலையொன்று இருக்கட்டும். தவறு செய்தாற் கண்டிப்பு வேண்டும். ஆனால் வகுப்பின் முன் அவமானப்படுத்தல் ஆகாது. குரல் உயரும் கணத்திலேயே அப்பிள்ளையின் செவி மூடிக்கொள்கின்றது. வாக்களித்ததைச் செய்தல் எல்லாவற்றிலும் முதன்மையானது. வளர்ந்தோரால் ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளை, ஒவ்வொரு வாக்கையும் எண்ணி வைத்திருக்கும்.

குடும்ப மரம் வரைதல், தந்தையர் தினத்துக்குப் பரிசு செய்தல், ‘எனது நாடு’ பற்றி எழுதுதல் போன்ற எளிய பயிற்சிகளுங்கூட, தந்தையை இழந்த அல்லது தந்தை எங்கிருக்கின்றார் என்றறியாத பிள்ளைக்கு முள்ளாகலாம். அத்தகைய வேளையில் தானே தெரிவு செய்ய வேறொரு தலைப்பு கொடுக்கப்படல் நன்று. பசியோடு வரும் பிள்ளையை, ஒன்பது மணிச் சிற்றுண்டியைக் கொண்டுவராத பிள்ளையை, குளிர்காலத்திலும் மெல்லிய சப்பாத்தோடு வரும் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளலும் ஆசிரியரின் கடமையே. திரிம்பாக் போன்ற ஊர்களின் வகுப்பறைகளில் இன்று பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அருகருகே அமர்கின்றனர். தமிழ்ப் பிள்ளைக்கு உதவும் இவ்வொழுங்கு சிரியப் பிள்ளைக்கும் உக்ரேனியப் பிள்ளைக்கும் உதவும். காயமற்ற பிள்ளைக்கும் அதனாற் தீங்கேதுமில்லை.

வகுப்பறையின் எல்லைக்கு அப்பாற்பட்டவற்றுக்கு வேறு வழிகள் உள்ளன. பாடசாலைச் சமூகப் பணியாளரும், மாநிலத்தின் பாடசாலை உளவியற் சேவையும் அடுத்த படி. போரினாலும் சித்திரவதையினாலும் பாதிக்கப்பட்ட வளர்ந்தோர்க்கெனச் சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் 1995 இலிருந்து பேர்ணிற் சிகிச்சை நிலையமொன்றை நடத்திவருகின்றது. பிள்ளை தானே யாரிடமேனும் பேச விரும்பின், புரோ யுவென்ரூற்றே நிறுவனத்தின் 147 என்னும் இலக்கத்துக்கு இரவு பகல் எவ்வேளையிலும் இலவசமாக அழைக்கலாம்.

பெற்றோரின் அச்சம்

இவ்வளவும் இருந்தும் எமது பெற்றோர் வாய் திறப்பதில்லை. ஏன்? ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பது ஒரு காரணம். மனநலம் என்றாலே பைத்தியம் எனக் கொள்ளும் பழக்கம் மற்றொன்று. யாவற்றிலும் பெரியது, பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்னும் அச்சம். ‘கெஸ்ப்’ என எம்மவர் வீடுகளிற் தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் பாதுகாப்பு அதிகாரசபையைப் பற்றியதே அவ்வச்சம்.

இவ்வதிகாரசபை 2013 சனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. முன்னர் பல இடங்களில் ஊர்ச்சபையினரின் கையில் இருந்த பொறுப்பு, துறைசார்ந்தோரைக் கொண்ட அமைப்பிடம் மாற்றப்பட்டது. திரிம்பாக் வாழ் குடும்பங்கள் ஒல்ரன்-கோஸ்கன் பிராந்தியப் பிரிவின் கீழ் வருகின்றன. சட்டப்படி, குறைந்த தலையீடு போதுமாயின் கூடிய தலையீட்டை மேற்கொள்ளலாகாது. முதலில் அறிவுரை, பின்னர் குடும்பத்துக்குத் துணையாக ஒருவரை நியமித்தல் என்றவாறு படிகள் உள்ளன. பிள்ளையை வேறிடத்தில் வைத்தல், வேறெதுவும் பயன்தராதபோது எடுக்கப்படும் முடிவு. அம்முடிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

பிள்ளையின் நலனுக்கு ஆபத்தென்பதற்குத் தெளிவான அறிகுறிகளைக் கண்டால், அரச பாடசாலை ஆசிரியர் அறிவித்தல் கொடுக்கக் கடமைப்பட்டவர். 2019 சனவரியிலிருந்து இக்கடமை, தொழில் முறையிற் பிள்ளைகளோடு பழகும் ஏனையோருக்கும் விரிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒளித்து வைப்பதாற் பயனில்லை. ஆசிரியர் தாமே கண்டு ஐயுறும்போது அவர் கையில் இருப்பது அறிகுறி மட்டுமே. பெற்றோர் முன்வந்து சொல்லும்போது அவர் கையில் விளக்கமும் இருக்கும். உதவி கேட்டு வந்த குடும்பத்தை எவரும் ஒளித்த குடும்பத்தைப் போற் பார்ப்பதில்லை. மருத்துவரும் உளவியலாளரும் தொழில் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கட்டுப்பட்டவர்கள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அடித்து வளர்த்தல் பற்றியும் ஒரு சொல். ‘அடியாத மாடு படியாது’ என்பது எம் முதுமொழி. பிள்ளை மாடன்று. அச்சத்திலேயே வாழ்ந்து வந்த பிள்ளைக்கு அடி எதனையும் கற்பிப்பதில்லை. அபாய மணியை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்கின்றது, அவ்வளவே. சுவிஸ் பாராளுமன்றமும் 2025 இல், பிள்ளைகளை வன்முறையின்றி வளர்க்க வேண்டும் என்பதைக் குடியியற் சட்டக்கோவையில் எழுத இசைந்துள்ளது.

நாம் தொடங்கக்கூடிய இடம்

புதன்கிழமைப் பிற்பகல்களிலும் சனிக்கிழமைகளிலும் எமது பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்கின்றனர். அங்கு கற்பிக்கும் ஆசிரியைகள் எமது வீடுகளின் நிலையை அறிந்தவர்கள். பிள்ளையின் மொழியைப் பேசுபவர்கள். சுவிஸ் ஆசிரியர் காணாததை அவர்கள் காண முடியும். ஒப்பிட்டுப் பேசாமலும், பரீட்சைப் புள்ளியை மானப் பிரச்சினையாக்காமலும், வாரம் ஒருமுறையேனும் ‘எப்படியம்மா இருக்கிறாய்?’ என்று கேட்டு விடைக்குக் காத்திருக்கும் ஓர் ஆசிரியை, பல பிள்ளைகளுக்கு நாம் அறியாத நன்மையைச் செய்துகொண்டிருக்கின்றார்.

பெற்றோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. பாடசாலையிலிருந்து பெற்றோர் கலந்துரையாடலுக்கு அழைப்பு வரும்போது இருவருமாகச் செல்லுங்கள். மொழி போதாதெனின் உரைபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தருமாறு பாடசாலையிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க அமர்த்தாதீர்கள். தன் துயரைத் தானே மொழிபெயர்க்கும் பாரம் அதற்கு வேண்டாம். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. ‘இப்பிள்ளை வெடிச்சத்தத்துக்குப் பயப்படும்’, ‘இதன் தகப்பன் காணாமற் போனவர்’, ‘இரவில் நாங்கள் இருவரும் வேலையில் நிற்கின்றோம்’, ‘முகாமுக்கு அனுப்பத் தயங்குவது, இது இன்னும் படுக்கையை நனைப்பதால்’ என்று ஒரு வசனம் சொன்னாற் போதும். மதிய உணவு மேசை, வீட்டுப்பாட உதவி போன்ற ஏற்பாடுகள் உண்டா எனவும் அப்போதே கேட்டறியலாம்.

இந்நாட்டுக் கூட்டாட்சி அரசியலமைப்பு, அடிப்படைக் கல்வியை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய இலவச உரிமையாக வகுத்துள்ளது. பெற்றோரின் கையில் எவ்வகை வதிவிட அட்டை இருப்பினும் பிள்ளைக்கு வாங்கில் இடமுண்டு. அந்த இடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை எங்கிருந்து வந்தது, எதனைச் சுமந்து வந்தது என்பதை ஆசிரியருக்குச் சொல்ல வல்லவர்கள் பெற்றோராகிய நாமே. அடுத்த கலந்துரையாடலில் அந்த ஒரு வசனத்தைச் சொல்வோம்.